தூர் பிரித்த செடிகள்

எங்கள் பொம்மையார்பாளையத்தில் நான் சிறுமியாக இருந்த நாட்களில் பூச்செடியை யாரும் விலைக்கு வாங்கியதில்லை. விதை தூவி வளர்த்ததும் குறைவுதான். கல்வாழை, நிலச்சம்பங்கி, சாமந்தி, மருள், ஸ்பைடர் லில்லி என்று வாசலை அழகாக்கிய செடிகள் எல்லாமே வேலி தாண்டி வந்தவை. ஒரு வீட்டில் தூர் கட்டிப் பெருத்தால் பாதி அடுத்த வீட்டுக்குப் போகும். அங்கே பெருத்தால் அங்கிருந்து இன்னொரு வீட்டுக்கு. கடலோரக் குப்பத்தில் இருந்த சிவப்புக் கல்வாழை ஒன்று ரோட்டைக் கடந்து, செம்மண் மேடு ஏறி, குயிலாப்பாளையம் வரைக்கும் போனதை நான் பார்த்திருக்கிறேன். அத்தனை வாசலில் நின்றதும் ஒரே செடிதான். விதையில் பிறந்தால் பிள்ளை வேறு, தாய் வேறு. தூர் பிரித்து நட்டால் தாயே இன்னொரு வீட்டில் போய் இருக்கிறாள்.

ஊர் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைப் பார்த்து வடக்கே வந்தால், கோட்டக்குப்பமும் முதலியார்சாவடிகளும் தாண்டியதும் எங்கள் ஊர். மயிலம் முருகன் கோயிலோடு சேர்த்துச் சொல்லப்படும் பொம்மபுர ஆதீனத்தின் பெயரில் இருப்பதும் இதே ஊர்தான். சாலைக்குக் கிழக்கே மணலும் கடலும். மேற்கே போகப் போகத் தரை உயர்ந்து ஆரோவில்லின் செம்மண் மேடாகிவிடும். பல தலைமுறை மழை அறுத்து அறுத்து ஆழமான செம்மண் ஓடைகள் அங்கே உண்டு. ஒரு ஊருக்குள்ளேயே இரண்டு மண். இந்த விஷயம் செடி வைக்கிறவர்களுக்குத்தான் முழுதாகப் புரியும்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக் கொடுத்தவர் அத்தை, அப்பாவின் அக்கா. 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு ஏறக்குறைய பொட்டல். மரம் நடவும் வரப்பு போடவும் நாற்றுக்குத் தண்ணீர் சுமக்கவும் சுற்று வட்டாரத்து ஊர்களிலிருந்து பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அத்தையும் பாவாடை தாவணி வயதில் அப்படிப் போனவர்தான். பிறகு தோட்ட வேலையிலேயே நிலைத்துவிட்டார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. செடியின் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, கீழே எத்தனை கன்று வரும் என்று சொல்லத் தெரியும்.

வேலை முடிந்து வரும்போது அத்தையின் தலைச்சும்மாட்டுக்கு மேலே ஈரச் சாக்கு ஒன்று இருக்கும். அதற்குள் அங்கே களைந்து போட்ட கன்றுகள். பெரிய தோட்டங்களில் தூர் பிரித்தால் நட்டது போக மிச்சம் எப்போதும் இருக்கும். கேட்டு வாங்கி வருவார். மணி பிளாண்டைத் திருடி வைத்தால்தான் தழைக்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. அத்தை அதை ஒப்புக்கொண்டதே இல்லை. "கேட்டா குடுக்கப் போறாங்க. குடுக்கலன்னா அந்தச் செடியே நமக்கு வேணாம், கண்ணு" என்பார். வெள்ளிக்கிழமையும் விளக்கு வைத்த பிறகும் மட்டும் யாரிடமும் கேட்க மாட்டார், தானும் கொடுக்க மாட்டார்.

கல்வாழையில்தான் என் பாடம் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் குளிக்கிற தண்ணீர் ஓடும் இடத்தில் கல்வாழை இல்லாத வீடு இருக்காது. சோப்புத் தண்ணீரையும் சேற்றையும் குடித்துவிட்டுச் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும். இன்றைக்குக் கழிவுநீரைச் சுத்தம் செய்யச் சரளைப் படுகையில் கல்வாழை நடுகிறார்களே, அந்த வேலையை எங்கள் வீட்டுப் புழக்கடைகள் வெகு காலமாகச் செய்துவந்திருக்கின்றன. செடி வந்தது அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமான பகுதிகளிலிருந்து. வந்த இடம் மறந்து ஊர்க்காரனாகிவிட்டது.

மூன்று வருடம் தொடாமல் விட்ட கல்வாழைக் குத்தைக் கவனித்துப் பாருங்கள். ஓரத்தில் தண்டு தடித்து, இலை அகலமாக, பூ பெரிதாக இருக்கும். நடுவில் தண்டுகள் மெலிந்து, பூ சிறுத்து, சில இடம் வெறும் சருகாகிக் கிடக்கும். கிழங்கு வெளிப்பக்கமாகவே நகர்ந்து வளரும் குணம் கொண்டது. ஆரம்பத்தில் நட்ட இடத்தில் இருப்பது கிழட்டுக் கிழங்கு. அதில் புதுக் கண் வராது. சுற்றியுள்ள இளங்கன்றுகள் சத்தையும் நீரையும் இழுத்துக்கொள்ள, நடுப்பகுதி பட்டினி கிடக்கிறது. செடி மேல் பிரியம் வைத்து, வெட்ட மனம் வராமல் விட்டுவிடுகிறவர்களின் கல்வாழைதான் சீக்கிரம் அழிகிறது. பலர் என்னிடம் வந்து "உரம் போட்டும் பூக்கலை" என்பார்கள். நான் உரத்தைப் பற்றிக் கேட்பதே இல்லை. எப்போது கடைசியாகத் தோண்டினீர்கள் என்று கேட்பேன்.

பிரிக்கும் முதல் நாள் மாலையே தூரைச் சுற்றித் தண்ணீர் விட வேண்டும். மணலில் இது அவ்வளவு தேவைப்படாது, செம்மண்ணில் கட்டாயம். காய்ந்த செம்மண் வேரை இறுகப் பிடித்துக்கொள்ளும், இழுத்தால் வேர் அறுந்து கிழங்கு மொட்டையாக வரும். பூத்து முடிந்த தண்டுகளை ஒரு சாண் விட்டு அறுத்துவிட்டு, தூருக்கு ஒரு முழம் தள்ளிக் கடப்பாரையை இறக்கி, நாலு பக்கமும் நெம்ப வேண்டும். ஒரே பக்கம் நெம்பினால் கிழங்கு நடுவில் முறியும். அத்தை தூக்கிய தூரைச் சாக்கின்மேல் போட்டு, மண்ணை உதறி, ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார். அப்போதுதான் கிழங்கின் முகம் தெரியும். வளையம் வளையமாகப் பழுப்புத் தழும்பு. நுனியிலும் பக்கத்திலும் இளஞ்சிவப்பில் கூராக நிற்கும் முளைக்கண்.

"கத்தியை எடுக்கிறதுக்கு முன்னாடி கண்ணு எங்கன்னு பாரு. கண்ணு இல்லாத துண்டு மாட்டுக்குத்தான் ஆகும்."

ஒரு துண்டில் இரண்டு கண்ணும் கொஞ்சம் வேரும் இருந்தால் போதும். பேராசைப்பட்டு ஒற்றைக் கண்ணாகத் துண்டு போட்டால் செடி எண்ணிக்கை கூடும், ஆனால் பூக்க ஒரு பருவம் தள்ளிப்போகும். வெட்டினால் உள்ளே வெள்ளையாக, கொஞ்சம் வழவழப்பாக இருக்கும். வெட்டுவாயில் அடுப்புச் சாம்பலைத் தொட்டு, நிழலில் ஒரு நாள் வைத்துவிடுவார். வெட்டுவாய் காய்ந்து மூடிக்கொண்ட பிறகு நட்டால் மண்ணில் உள்ள பூஞ்சை உள்ளே நுழைய வழி குறைவு. இலை இருந்தால் பாதியை நறுக்கிவிடுவார். வேரை இழந்த செடியால் அத்தனை இலைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது. இதைப் பின்னால் புத்தகத்தில் நீராவிப்போக்கு என்று படித்தேன். அத்தை சொன்னது: "சம்பாதிக்கிறவன் படுத்துட்டான், சாப்பிடுற வாயைக் குறைக்கணும்."

எல்லாச் செடியையும் கத்தி வைத்துப் பிரிக்கக் கூடாது. நிலச்சம்பங்கியைக் கையாலேயே பிரிக்கலாம். மெக்சிகோவிலிருந்து வந்த இந்தச் செடி எங்கள் பக்கத்து மாலைகளில் நீக்கமற இருக்கிறது. புதுச்சேரி ஆசிரமத்து அன்னை ஏறத்தாழ தொள்ளாயிரம் மலர்களுக்குப் பொருள் சொல்லிப் பெயர் வைத்தார். சம்பங்கிக்கு அவர் வைத்தது "புதிய படைப்பு". தாய்க்கிழங்கு பூத்ததோடு அதன் வேலை முடிந்தது, மறுபடி பூக்காது. சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும் சேய்க்கிழங்குகளில் 25, 30 கிராம் எடை தேறுவதை மட்டும் எடுத்து, நிழலில் ஆறப்போட்டு, பிறகு நட்டால் அந்த வருடமே பூந்தண்டு தள்ளும். அதைவிடச் சிறியவற்றைத் தனிப் பாத்தியில் போட்டு வளர்க்க வேண்டும். சாமந்தி இன்னும் எளிது. பூத்து ஓய்ந்த செடியை அடியோடு வெட்டிவிட்டால் தரையிலிருந்து பக்கக்கன்றுகள் வேரோடு கிளம்பும், பிய்த்து நடவேண்டியதுதான்.

மருள் செடியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இன்று எல்லா வீட்டு வரவேற்பறையிலும் ஸ்னேக் பிளாண்ட் என்ற பெயரில் நிற்பது, இலை ஓரத்தில் மஞ்சள் கரை போட்ட வகை. அதன் இலையை விரல் நீளத்துக்கு நறுக்கி மண்ணில் செருகினாலும் வேர்விட்டுக் கன்று வரும். ஆனால் வருகிற கன்றில் மஞ்சள் கரை இருக்காது, வெறும் பச்சைதான். காரணம், அந்தச் செடி இரண்டு வகைத் திசு ஒட்டி வளர்ந்த ஒன்று. கரையில் பச்சையம் அற்ற திசு, உள்ளே பச்சைத் திசு. துண்டு போட்ட இலையிலிருந்து புதுக் கன்று கிளம்பும்போது இரண்டும் பழையபடி சேர்ந்து வருவதில்லை. மண்ணுக்குள் ஓடும் கிழங்கோடு கன்றைப் பிரித்தால் மட்டுமே மஞ்சள் கரை கூட வரும். இந்தக் காரணம் எதுவும் அத்தைக்குத் தெரியாது. "பட்டுக்கரை வேணும்னா அடியிலேர்ந்து எடு, இலையில கேக்காத" என்று சொல்லித் தந்தார். கரையோடு கன்று வேண்டும் என்று என்னிடம் வருபவர்களுக்கு நான் இன்றும் இதைத்தான் சொல்கிறேன்.

செங்காந்தளைப் பிரிக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. கடலோரப் புதர்க்காட்டில், சப்பாத்திக்கள்ளிக்கு நடுவில் மழைக்குப் பின் அது ஏறிப் பூத்தால், மாநில மலர் என்று அரசாங்கம் அறிவித்தது சரிதான் என்று தோன்றும். மண்ணுக்குள் அதன் கிழங்கு கலப்பை மாதிரி இரண்டு கையாக வளைந்திருக்கும். அதனால்தான் கலப்பைக்கிழங்கு. ஒவ்வொரு கை நுனியிலும் ஒரே ஒரு முளை. நடுவில் ஒடித்தால் இரண்டு செடி. நுனி முளை ஒடிந்தால் அந்தக் கை முளைப்பதே சந்தேகம். தோண்டும்போது கடப்பாரை வேண்டாம், கையால் மண்ணைச் சுரண்ட வேண்டும். கிழங்கு கொடிய விஷம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைப் பிரித்து நடுவதை நான் ஒப்புவதில்லை. அத்தை பிரித்து முடித்ததும் கையை மூன்று முறை கழுவச் சொல்வார். நான் என்னிடம் வேலை செய்யும் பெண்களுக்குக் கையுறை கொடுக்கிறேன்.

செடி பரவுகிற வழியில்தான் நோயும் பரவுகிறது, இதையும் சொல்ல வேண்டும். தாயே இன்னொரு வீட்டுக்குப் போகிறாள் என்றேன். தாயின் நோயும் கூடவே போகும். கல்வாழை இலையில் நரம்பையொட்டி வெளிறிய மஞ்சள் கோடுகள் தெரிந்தால் அது பெரும்பாலும் நச்சுயிரி நோய். கிழங்கு வழியாகவும் கத்தி வழியாகவும் அடுத்த செடிக்குத் தாவும். மருந்து கிடையாது. அப்படிப்பட்ட தூரை அத்தை யாருக்கும் கொடுக்க மாட்டார், தோண்டி எரித்துவிடுவார். ஒரு தூரிலிருந்து அடுத்த தூருக்குப் போகுமுன் கத்தியை அடுப்பு நெருப்பில் காட்டுவார். விதை வழி வந்த செடிகளில் ஒன்று போனாலும் இன்னொன்று தாங்கும், ஒவ்வொன்றும் வேறு வேறு என்பதால். தெரு முழுதும் ஒரே செடியாக இருக்கும்போது ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வரும். கொடுக்கிறவர் இலையைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பது அதனால்தான்.

பருவம் தவறினால் கைப்பக்குவம் எல்லாம் வீண். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது தானியத்துக்குச் சொன்னது. எங்கள் கரையில் தூர் பிரிக்க ஆடிக் கடைசியும் ஆவணியும் உகந்தவை. அப்போது விழும் மாலை மழையில் கண் விழிக்கும், வடகிழக்குப் பருவமழை வருமுன் வேர் பிடித்துவிடும். எங்கள் வருடத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் கொட்டுகிறது. அந்த நேரம் பார்த்துக் கிழங்கை வெட்டி நட்டால் வெட்டுவாய் வழியாக அழுகிவிடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்து, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. என் பாத்திகளில் தண்ணீர் நின்றது. ஆவணியில் பிரித்து நட்ட கல்வாழையும் ஹெலிகோனியாவும் தப்பின. வாடிக்கையாளர் ஒருவர் அவசரப்படுத்தியதால் புயலுக்கு முந்தின வாரம் பிரித்தவை கூழாகிவிட்டன. ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே கை. வேறுபட்டது மாதம் ஒன்றுதான்.

2004 டிசம்பர் 26 பற்றி எழுதாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. அன்று காலை கடல் ஊருக்குள் வந்தது. மனித இழப்பையும் வலையும் படகும் போனதையும் பேச வேண்டிய இடம் வேறு, அதை இங்கே செடிக் கதையோடு சேர்க்க எனக்கு மனமில்லை. தண்ணீர் வடிந்த பிறகு வாசலில் என்ன இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். அத்தையின் வீடு கிழக்குத் தெருவில். மண் காய்ந்ததும் மேலே மெல்லிய வெள்ளைப் பூச்சு. மரக்காணத்து உப்பளப் பாத்திகளின் ஓரத்தில் காண்கிற அதே வெள்ளை. கல்வாழை இலை விளிம்பிலிருந்து கருகி, தண்டு சாய்ந்து, தோண்டிப் பார்த்தால் கிழங்கு பழுப்பாகிக் கிடந்தது. சம்பங்கி, சாமந்தி ஒன்றுகூட மிஞ்சவில்லை. உயிரோடு நின்றது விஷமூங்கில் என்று நாங்கள் சொல்லும் ஸ்பைடர் லில்லி மட்டும். கடற்கரை மணலே அதன் சொந்த இடம், உப்பு அதற்குப் புதிதல்ல.

மார்கழியோடு மழை ஓய்ந்துவிட்டதால் உப்பைக் கழுவ வானம் உதவவில்லை. அந்தக் கோடை முழுதும் தரை அப்படியே கிடந்தது. அடுத்த ஐப்பசி, கார்த்திகையில், 2005-ல், தமிழ்நாடு முழுதும் பெருமழை. வேறு ஊர்களுக்கு அது வெள்ளம். எங்கள் மணல் தரைக்கு அது உப்பை அடியில் இறக்கிய மழை. மறு வருடம் ஆடி பிறந்ததும் அத்தை என்னைக் கூப்பிட்டுக்கொண்டு மேட்டுக்குப் போனார். குயிலாப்பாளையத்தில் ஒரு வீட்டில், பல வருடத்துக்கு முன் அவர் கையால் கொடுத்த சிவப்புக் கல்வாழை சுவரோரம் ஆளுயரம் நின்றது. அந்த வீட்டம்மா "உங்க செடிதானே அக்கா, வேணுங்கறத எடுத்துக்குங்க" என்று கடப்பாரையை எடுத்து வந்தார். சம்பங்கி இன்னொரு வீட்டில். மஞ்சள் சாமந்தி ஆலங்குப்பத்தில் சின்னப் பாட்டி வீட்டில். கொடுத்த வீடுகள் எல்லாம் அத்தைக்கு நினைவிருந்தன. சாக்கு நிரம்பியது. அத்தையின் வாசலில் இறந்துபோன அதே செடி, அதே நிறம், அதே பூ, அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. அத்தை வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு கிழங்காகக் கழுவினார். அன்று சாம்பல் தொட்டுக் கொடுத்தது நான்.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் வந்தபோது அடி மேட்டுக்கு. ஆரோவில் காட்டில் மரங்கள் சாய்ந்து, நிழலில் வளர்ந்த செடிகளை வெயில் பொசுக்கியது. அந்த முறை செடி கீழே இருந்து மேலே போனது. எங்கள் தெருவிலிருந்து ஹெலிகோனியாக் கன்றும் பெரணித் தூரும் நிறையவே போயின.

நான் இப்போது சாலையோரம் சின்ன நர்சரி நடத்துகிறேன். ஆந்திராவில் கோதாவரிக் கரைக் கடியத்திலிருந்து லாரியில் செடி இறங்காத நர்சரி இந்தச் சாலையில் இல்லை. நானும் வாங்குகிறேன். கறுப்புக் களிமண் உருண்டையில் இறுக்கி வருகிற அந்தச் செடிகளை அப்படியே எங்கள் செம்மண்ணிலும் மணலிலும் வைத்தால், சுற்றியுள்ள மண் நனையும், உருண்டைக்குள் தண்ணீர் இறங்காது. என் நர்சரியில் வந்திறங்கிய தூர்ச்செடிகளைக் கழுவி, பிரித்து, எங்கள் மண்ணிலேயே வேர் பிடிக்க வைத்துத்தான் விற்கிறேன். அரிக்கா பாமை மட்டும் பிரிப்பதில்லை. வேரைத் தொட்டால் அது மாதக்கணக்கில் முகம் வாடி நிற்கும். வாங்கிப் போகிறவர்களிடம், இரண்டு வருடம் கழித்து நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள், மறுபடி வாங்க வராதீர்கள் என்று சொல்லி, எப்படி என்று செய்தும் காட்டுகிறேன். வியாபாரத்துக்கு ஆகாத பேச்சு என்று வீட்டில் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பிரிக்கத் தெரிந்தவர்கள்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள், வேறு வேறு செடி கேட்டு.

அத்தை இப்போது இல்லை. புதுச்சேரித் துறைமுகம் வந்த பிறகு வடக்கே உள்ள கரைகளைக் கடல் தின்றுகொண்டே வருகிறது. எங்கள் கிழக்குத் தெருவும் அதற்குத் தப்பவில்லை, அவர் வாசல் இருந்த இடத்தில் இப்போது பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள். அந்தச் சிவப்புக் கல்வாழை என் நர்சரியின் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதை நான் விற்பதில்லை, கேட்பவர்களுக்குக் கொடுக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் தோண்டாமல் விட்ட தூர் ஒன்று இருக்கும். இந்த ஆவணியில் தோண்டுங்கள். இலையில் நோய் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள், கத்தியை நெருப்பில் காட்டுங்கள், பாதியைத் திரும்ப நட்டு மீதியைக் கொடுத்துவிடுங்கள். அடுத்த வீட்டுக்கு மட்டும் கொடுத்து நிறுத்திவிடாதீர்கள். நீங்கள் பள்ளத்தில் இருந்தால் மேட்டில் இருப்பவருக்கு, கடலோரம் இருந்தால் உள்ளே தள்ளி இருப்பவருக்கு, ஒரு கன்றாவது போய்ச் சேரட்டும். யாருக்குக் கொடுத்தோம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.